மண்பானையும் பந்தாட்டக்காரனும்

பங்குனி மாதத்து மாலை நான்கு மணி. திருத்தங்கலில் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் குன்றின் பாறைகள் இன்னும் அனல் வீசுகின்றன. வெட்டவெளியில் பள்ளி அணி கால்பந்துப் பயிற்சி செய்கிறது. அதைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் முதலில் அறிய வேண்டியது எது? பந்தை உதைக்கும் முறையா? அதற்கும் முன்னால், வெப்பவியல்!

நான் பள்ளியில் படித்த காலத்தில், ஆட்டத்தின் நடுவே தண்ணீர் குடித்தால் வயிறு கனத்துவிடும் என்று தடுப்பார்கள். ஒரு நாள் என் நண்பன் தலைசுற்றி மைதானத்திலேயே சாய்ந்துவிட்டான். அவன் உடலில் நடந்தது என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம்.

50 கிலோ எடையுள்ள சிறுவன் ஓடியாடும்போது உடல் செலவிடும் ஆற்றல் விநாடிக்குச் சுமார் 500 ஜூல் என்று கொள்வோம். தசைகள் இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே இயக்கமாக மாற்றுகின்றன. மீதி 400 ஜூல் வெப்பமாகிறது. ஒரு மணி நேரத்தில் இது 400 × 3600, அதாவது 1440 கிலோ ஜூல்.

ஒரு கிலோ உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 3.5 கிலோ ஜூல் தேவை. ஆகவே 50 கிலோவுக்கு 175 கிலோ ஜூல். 1440ஐ 175ஆல் வகுத்தால் 8 டிகிரிக்கு மேல் வருகிறது! வெப்பம் வெளியேறாவிட்டால் 37 டிகிரி உடல் ஒரே மணி நேரத்தில் 45 டிகிரியைத் தாண்டும். ஆனால் 40 டிகிரியைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து.

காப்பாற்றுவது எது? நம் வீட்டு மண்பானையை நினைத்துப் பாருங்கள். நுண்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. தோலின் மீது வியர்வையும் அதையே செய்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக 2.4 கிலோ ஜூல் வேண்டும். எனவே 1440 கிலோ ஜூலை வெளியேற்ற 600 கிராம் வியர்வை முழுவதும் ஆவியாக வேண்டும். சொட்டி மண்ணில் விழும் வியர்வையால் பயனில்லை.

இங்கே ஒரு ஏமாற்றம் உண்டு. கடலோரத்து ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது, சட்டை நனைந்துவிடும். நம் வறண்ட காற்றிலோ உடனே உலர்ந்துவிடுகிறது. "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று சிறுவன் எண்ணுகிறான், பானையோ காலியாகிக்கொண்டிருக்கிறது!

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடையுடன் நடுவில் குடித்த நீரின் எடையையும் கூட்டினால், இழந்த வியர்வையின் அளவு ஏறக்குறையக் கிடைக்கும். ஒரு கிலோ குறைவு என்றால் ஒரு லிட்டர் நீர்.

2014இல் பிரேசில் உலகக் கோப்பையில் கடும் வெப்பத்தின்போது ஆட்டத்தையே நிறுத்தி நீர் அருந்த விட்டார்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணியை நான்காம் இடத்துக்கு அழைத்துச் சென்ற பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஒரு பள்ளி ஆசிரியர்தான். நல்ல அணி பள்ளி மைதானத்திலும் உருவாகும். அங்கே விசிலுடன் ஒரு பானைத் தண்ணீரும், உப்பிட்ட மோரும் இருக்கட்டும். யாருக்கேனும் தலைசுற்றலோ குழப்பமோ கண்டால் நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, விசிறுங்கள். உடனே மருத்துவரை அழையுங்கள். விசிறுவது ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியுமல்லவா?