கொதிக்கும் நீரில் ஹைட்ரஜன் வருமா?

தண்ணீர் கொதிக்கும்போது எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று சிலராவது சொல்வார்கள். நீர் அவை இரண்டும் சேர்ந்தது, சூடாக்கினால் பிரிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அப்படிப் பிரிந்தால் அடுப்புத் தீயில் சமையலறையே வெடித்துப் போயிருக்கும். சட்டியின் அடியில் முதலில் ஒட்டும் பொடிக் குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்று. பிறகு தளதளவென்று எழுபவை நீராவி, அதாவது அதே நீர்தான். ஒரு மோல் நீரை ஆவியாக்க சுமார் 41 கிலோஜூல் போதும். ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்கவோ மோலுக்குச் சுமார் 463 கிலோஜூல் வேண்டும்.

இதைவிட ஆழமாக வேரோடியது இன்னொரு நம்பிக்கை: பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும் என்பது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். உயிரியல் பாடத்தில் ஏ.டி.பி.யைப் பற்றிப் படிக்கும்போது 'ஆற்றல் மிகு பிணைப்பு' என்ற சொல் வருகிறது. பிணைப்பு ஏதோ ஆற்றலை அடைத்து வைத்த பெட்டி என்றுதான் யாருக்கும் தோன்றும். அது உண்மையானால் உலகின் தலைசிறந்த எரிபொருள் நைட்ரஜனாக இருக்க வேண்டும். அதன் முப்பிணைப்பு மோலுக்குச் சுமார் 945 கிலோஜூல் வலிமை கொண்டது. காற்றில் 78 சதவீதம் அதுதான். ஆனாலும் நாம் ஏற்றும் விளக்கைச் சுற்றி அது சும்மா நிற்கிறது. அறுக்க அவ்வளவு செலவாகும் என்பதால்தான் நிற்கிறது.

பிணைப்பை உடைப்பது எப்போதும் செலவு. உருவாக்குவது எப்போதும் வரவு. 2 மோல் ஹைட்ரஜனும் 1 மோல் ஆக்சிஜனும் எரிவதைக் கணக்கிடுவோம். உடைக்க: 436 இருமுறை, அதோடு 498, மொத்தம் 1370 கிலோஜூல். நீராவியில் புதிதாக உருவாகும் 4 மோல் பிணைப்புகள் தருவது 1852. மிச்சமான 482 கிலோஜூல்தான் வெப்பமாக வருகிறது. வேதியியலில் ஒரே ஒரு தவறைத்தான் திருத்தலாம் என்றால் நான் இதைத்தான் திருத்துவேன்.

வாயு விதிகளை நன்றாகப் படித்த பிள்ளைகள் வேறோர் இடத்தில் இடறுகிறார்கள். 14.2 கிலோ சிலிண்டரில் பாதி கேஸ் தீர்ந்தால் அழுத்தமும் பாதியாகுமாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். மேலே உள்ள ஆவியை எடுக்க எடுக்க, கீழிருந்து ஆவி எழுந்து ஈடுகட்டும். திரவம் மிஞ்சியிருக்கும் வரை, அழுத்தத்தை முக்கியமாக வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. எவ்வளவு மிச்சம் என்று அறிய எடை போட வேண்டும். அல்லது ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், திரவம் உள்ள மட்டம் வரை ஈரம் மெதுவாகக் காயும்.

கேஸ் என்றாலே மேலே போகும் என்பதும் தவறு. சமையல் கேஸில் உள்ள பியூட்டேனின் மோல் நிறை 58, காற்றுக்குச் சராசரியாக 29. கசிந்த கேஸ் தரையோடு தங்கும். வாடை வந்தால் மேல் ஜன்னல் மட்டும் போதாது, கதவையும் அகலத் திறந்துவிடுங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள்.