பட்டியல் காலியா, பணியே ஓடவில்லையா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய பள்ளிகளில் பணியாற்றும் நம் ஆசிரியர்களுக்கு இது தெரியும்: ஒரு மாணவன் தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்றால், நான்காம் நாளே அவன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இரண்டு வாரம் விட்டால் ஏதாவது பட்டறையில் கூலி வாங்கிப் பழகிவிடுவான்.

அதற்காகவே பன்னிரண்டாம் வகுப்புக் கணினி மாணவர்களுடன் சேர்ந்து மைசீக்வலில் ஒரு சிறு தரவுத்தளம் அமைத்தேன். அதிகாரப்பூர்வ வருகைப்பதிவு எமிஸ் செயலியில்தான். இது செய்முறைப் பயிற்சி மட்டுமே. 6 முதல் 10 வரையான வகுப்புகளின் வருகையை மாணவர்கள் உள்ளிடுவார்கள். தினமும் பிற்பகல் 3 மணிக்கு ‘ஈவென்ட்’ எனப்படும் நேரம் குறித்த பணி தானாக ஓடி, மூன்று நாள் வராதவர்களின் பெயர்களை அன்றைய தேதியிட்டு ஓர் அட்டவணையில் எழுதும். (முதலில் அதிகாலை 2 மணி என்று வைத்தோம். ஆய்வகக் கணினியை மாலையிலேயே அணைத்துவிடுகிறோம். தவறிய நேரத்தை மைசீக்வல் பிறகு ஈடுகட்டாது.)

ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு எட்டு நாள் பட்டியல் காலி. எல்லோரும் வருகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த நாள் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை, “சார், ஒரு பையன் ஒரு வாரமா வரலை. உங்க பட்டியல்ல வரும்னு நானும் விட்டுட்டேன்” என்றார்.

ஆய்வகத்துக்கு ஓடினேன். என் மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், யாருமே இல்லாததால காலியா, இல்ல பட்டியலே போடலையா?” அந்தக் கேள்வியை நான்தான் அவளுக்குக் கற்றுத் தந்திருக்க வேண்டும்.

‘ஷோ ஈவென்ட்ஸ்’ கட்டளை கொடுத்தோம். நிலை ‘எனேபிள்ட்’ என்றே காட்டியது. இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறோம். பணிக்கு அனுமதி இருக்கிறது என்பதையே அந்தச் சொல் குறிக்கிறது. பணி ஓடியதா என்று அது சொல்லாது. அடுத்து ‘ஷோ வேரியபிள்ஸ்’ மூலம் ‘ஈவென்ட்_ஷெட்யூலர்’ மதிப்பைப் பார்த்தோம்: ‘ஆஃப்’. எங்களுடையது 5.7 பதிப்பு. அதில் இயல்புநிலையே ஆஃப்தான்; 8.0 முதல்தான் ஆன். நான் கட்டளை மூலம் ஆன் செய்திருந்தேன். மின்தடையில் கணினி அணைந்து மீண்டும் தொடங்கியதும் பழைய நிலைக்கே போய்விட்டது. அமைப்புக் கோப்பில் எழுதியிருந்தால் நிலைத்திருக்கும்.

‘இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா’வின் ‘ஈவென்ட்ஸ்’ அட்டவணையில் ‘லாஸ்ட்_எக்ஸிகியூட்டட்’ என்ற புலம் உண்டு. முதல் நாளே அதைப் பார்த்திருந்தால் தேதி பழையது என்று தெரிந்திருக்கும். ஆனால் அதுவும் பணி கடைசியாகத் தொடங்கிய நேரத்தை மட்டுமே சொல்லும். வெற்றியாக முடிந்ததா என்று சொல்லாது. பிழை இருந்தால் அது பிழைப்பதிவுக் கோப்பில் போய்க் கிடக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புநகலைத் தேடினால், எதுவும் இல்லை. நகலெடுக்கும் கருவியின் பதிப்பு 9.2, தரவுத்தளம் 9.6, பொருந்தாததால் நேரம் குறித்த பணி ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாரையும் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை அந்நிறுவனமே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. மேல்நிலை வகுப்பில் சொல்லத்தக்க பாடம்.

அந்த மாணவன் ஒரு கடைசல் பட்டறையில் மாமாவுக்கு எடுபிடியாக இருந்தான். மூன்றாவது முறை வீட்டுக்குப் போனபோதுதான் அவன் அம்மா அனுப்பச் சம்மதித்தார்.

இப்போது எங்கள் பணி, பெயர்களை எழுதுவதோடு தன்னைப் பற்றியும் தனி அட்டவணையில் ஒரு வரி எழுதுகிறது: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எழுதிய பெயர்களின் எண்ணிக்கை. 3.10 மணிக்கு ஒரு மாணவர் அந்த வரியைப் பார்த்துக் கரும்பலகையின் மூலையில் எழுதுவார். யாரும் விடுப்பில் இல்லாத நாளில் ‘0’ என்று இருக்கும். ஒன்றுமே எழுதப்படவில்லை என்றால் நான் ஆய்வகத்துக்குப் போவேன்.