சிறு திரையில் சங்கக் கணக்கு

தியாகராய நகரில் விற்பனைக்கூடம் வைத்துள்ள ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்கைச் சென்ற ஆண்டு தணிக்கை செய்தேன். மடிக்கணினித் திரையில் தலைப்பு வரி மறைந்தமையால், ஓர் அங்கத்தினரின் கூலித்தொகை முன்பணப் பத்தியில் ஏறியிருந்தது. உழைத்தவர் கடனாளியாகத் தோன்றினார்!

பல மடிக்கணினிகளின் திரை உயரம் 768 புள்ளிகளே. கருவிப்பட்டைகள் அதிலும் ஒரு பங்கை விழுங்குகின்றன. ஆகவே, மென்பொருளைத் தேரும் அன்பர்கள், 'எத்தனை வசதிகள்?' என்று வினவாமல், 'எத்தனை வரிகள் கண்ணுக்குத் தெரியும்?' என்று வினவுதல் வேண்டும்.

2010ஆம் ஆண்டில் ஓபன் ஆபீஸிலிருந்து கிளைத்த லிபரே ஆபீஸ் இலவசமானது. விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்குவது. பட்டிகளைத் தமிழிலும் காட்டவல்லது. சென்னை சி-டாக் நிலையம் உருவாக்கி 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸுடன் இது சேர்ந்தே கிடைக்கிறது. சிறு திரைக்கு இதனை அமைக்கும் முறை வருமாறு:

1. காட்சிப் பட்டியில் ஒற்றைக் கருவிப்பட்டை அமைப்பைத் தேர்க.

2. கண்ட்ரோல், எஃப்5 விசைகளைச் சேர்த்தழுத்திப் பக்கப்பட்டையை மறைக்க.

3. முதல் வரியில் தலைப்பும் முதல் பத்தியில் பெயரும் இருப்பின், பி2 கட்டத்தில் நின்று, வரிகளையும் பத்திகளையும் உறையவைக்கும் கட்டளையை இடுக. கணக்கு எவ்வளவு நீண்டாலும் அவை மறையா.

4. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஜே விசைகளால் முழுத் திரையையும் பெறுக.

பின்னர், ஒரு மாதக் கூலிப் பட்டியைப் பேரேட்டுடன் ஒப்பிட்டுச் சரிகண்ட பிறகே புதிய முறைக்கு மாறுக. உரிமக் கட்டணத்தில் மிச்சமாவது சங்கத்தின் பணம். உரிய பத்தியில் ஏறும் கூலியோ அங்கத்தினரின் உரிமை.