நான்காவது ஆட்டக்காரர்

காலை மணி ஏழு. ஈப்போ நகருக்கு வெளியே உள்ள ஒரு தாமானின் பொது மண்டபத்தில் விளக்குகள் எரிகின்றன. பூப்பந்து வலையருகே மூவர் நிற்கிறார்கள். மூவரும் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஒருவர் முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் கைப்பேசியில் பேசுகிறார்: "அண்ணே, எங்க இருக்கீங்க? மூணு பேருதான் நிக்கிறோம். சீக்கிரம் வாங்க!"

இரட்டையர் ஆட்டத்துக்கு நால்வர் வேண்டும். நான்காவது ஆள் வராவிட்டால் மற்ற மூவரும் காத்திருக்க வேண்டியதுதான்.

இத்தகைய மூத்தோர் குழுக்களுள் பலவற்றுக்குப் பதிவும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஆளுக்குச் சில ரிங்கிட் போட்டுப் பந்து வாங்குகிறார்கள். மண்டப வாடகையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மறுநாள் யார் யார் வருவார்கள் என்பது புலனக் குழுவில் முதல் நாள் இரவே முடிவாகிவிடும்.

இவர்களுள் சிலர் பால்மரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத்தில் வேலை விடியுமுன் தொடங்கும். மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்தால் பிற்பகலுக்குள் வேலை முடிந்துவிடும். மாலைப்பொழுது இளைஞர்களுடையது. துரைமார்களின் மன்றங்களில் டென்னிஸ் களம் இருந்தது. அங்கே தொழிலாளர்களுக்கு இடமில்லை. லயத்து வீடுகளுக்கு அருகில் இரண்டு கம்புகளை நட்டு, வலையைக் கட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டால் பூப்பந்துக் களம் தயார். காற்று சற்று வீசினாலும் பந்து திசை மாறிவிடும். ஆகவே, காற்று அடங்கும் அந்தி நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். அக்காலத்து மட்டை மரத்தால் ஆனது. ஈரம் பட்டால் அது வளைந்துவிடும் என்பதால், நான்கு மூலைகளிலும் திருகாணி உள்ள மரச்சட்டத்தில் இறுக்கி வைப்பார்கள். இறகு இரண்டு மூன்று உதிர்ந்த பந்தைக்கூட யாரும் எளிதில் தூக்கி எறிந்ததில்லை.

1970ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பஞ்ச் குணாளன் ஒற்றையர் பிரிவில் தங்கம் வென்றார். மறுஆண்டு, எங் பூன் பீயுடன் இணைந்து ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தையும் கைப்பற்றினார். உலக அரங்கில் ஒரு தமிழ்ப் பெயர் ஒலித்தபோது, சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஆடிய இளைஞர்களும் நிமிர்ந்து நின்றார்கள்.

பின்னர்த் தோட்டங்கள் மாறின. சில துண்டாடி விற்கப்பட்டன. பல தோட்டங்களில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. வேறு சில வீடமைப்பு நிலங்களாயின. லயத்து வீடு தோட்ட நிருவாகத்துக்குச் சொந்தமானது. எனவே, வேலை போனபோது வீடும் போயிற்று. அண்டை வீட்டாரும் திடலும் கோயில் திருவிழாவும் ஒரே வீச்சில் பிரிந்தன. ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் வெவ்வேறு தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 'தி வில்லேஜஸ்' என்ற பெரிய ஓய்வுபெற்றோர் குடியிருப்பு உள்ளது. மட்டைப்பந்தாட்டக் களங்கள் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்காகவே அங்கு வீடு வாங்குவோரும் உண்டு. பேராக்கில் நிலைமை வேறு. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போய்விட, பெற்றோர் மட்டும் தங்கிவிட்ட தாமான்கள் பல. யாரும் திட்டமிடாமலேயே அவை ஓய்வுபெற்றோர் குடியிருப்புகளாகிவிட்டன!

டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் ஏறத்தாழ 8,500 பேரை 25 ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. உடலுழைப்பே இல்லாதவர்களைவிட மெதுவோட்டம் ஓடியோரின் ஆயுள் 3.2 ஆண்டு கூடுதல் எனவும், பூப்பந்து ஆடியோருக்கு 6.2 ஆண்டு, டென்னிஸ் ஆடியோருக்கு 9.7 ஆண்டு கூடுதல் எனவும் அது கணக்கிட்டது. இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளலாகாது. வசதியும் உடல்நலமும் உள்ளவர்களே டென்னிஸ் ஆடத் தொடங்கியிருக்கலாம். எனினும், ஆய்வாளர்கள் சுட்டிய ஒன்று கருதத்தக்கது: ஆயுள் கூடிய ஆட்டங்கள் மற்றவரோடு சேர்ந்து ஆடுபவை. தனியாக ஓடுபவர் ஒரு நாள் ஓடாமல் இருந்தால் யாரும் அழைத்துக் கேட்கப்போவதில்லை.

அண்மைக் காலமாக இம்மண்டபங்களில் பிக்கல்பால் என்ற ஆட்டமும் நுழைந்துள்ளது. 1965இல் அமெரிக்காவின் பெய்ன்பிரிட்ஜ் தீவில், ஒரு வீட்டின் பழைய பூப்பந்துக் களத்தில்தான் அது பிறந்தது. இன்றும் அதன் களம் பூப்பந்து இரட்டையர் களத்தின் அளவே: நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். ஆனால், வலை இடுப்பளவுதான். பந்து துளைகள் உள்ள பிளாஸ்டிக் பந்து. தலைக்கு மேல் கையை வீசி அடிக்கும் தேவை குறைவு என்பதால், தோள் வலி உள்ளவர்களும் ஆடலாம். பந்து மட்டையில் படும் ஓசை மட்டும் காதைத் துளைக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பதில் நியாயம் உண்டு.

இவ்வாட்டத்துக்குப் பெண்களும் வருகிறார்கள். தோட்டத்தில் மாலைப்பொழுது இளைஞர்களுடையது என்றோம். உண்மையில் அது ஆண்களுடையதாகவே இருந்தது. மரம் சீவிவிட்டு வந்த பெண்ணுக்கு விறகும் சமையலும் துணி துவைப்பதும் காத்திருந்தன. களத்தின் ஓரத்தில் நின்று பார்க்கவும் நேரம் வாய்க்கவில்லை. அப்படி வாழ்ந்த ஒருவர் அறுபது வயதில் முதன்முறையாக மட்டையைப் பிடிக்கும்போது அவருக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை. பூப்பந்து ஆடிப் பழகிய ஆண்களோ மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தைக் களத்துக்கு வெளியே அனுப்புகிறார்கள். புதிதாகக் கற்பவர் சில வாரங்களில் அவர்களைத் தோற்கடிப்பது அரிதன்று.

மூத்தோர் ஆட்டத்தில் ஒரு விதி கண்டிப்பானது: தலைக்கு மேல் போகும் பந்தைத் துரத்திப் பின்னோக்கி ஓடக்கூடாது. உடலைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். இல்லையேல் பந்தை விட்டுவிட வேண்டும். பின்புறமாக விழுந்தால் இடுப்பெலும்போ மணிக்கட்டோ முறியலாம். ஒரு புள்ளி போனால் போகட்டும்.

மோட்டார் சைக்கிள் ஓசை கேட்கிறது. நான்காவது ஆட்டக்காரர் வந்துவிட்டார். "மருந்துக்கடைல கூட்டம்ப்பா," என்கிறார். உடனே வழக்கமான வாக்குவாதம் தொடங்குகிறது. 2006இல் பூப்பந்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளி என்ற முறை வந்தது. 21 எடுத்தால் வெற்றி என்றானது. அம்மாற்றத்துக்காக முன்னின்று உழைத்தவரும் பஞ்ச் குணாளன்தான். ஆயினும், தாமதமாக வந்தவர் விடுவதாயில்லை.

"தோட்டத்துல ஆடுன மாதிரி பதினஞ்சுக்கே ஆடுவோம்!"

முழங்கால் உறை மாட்டியவர் பந்தை எடுத்துக்கொண்டு தம் பக்கத்துக்கு நடக்கிறார்.