தழைச்சத்தைக் காக்கும் மூடுபயிர்கள்

விவசாயி நிலத்தில் இடும் தழைச்சத்து முழுவதும் பயிருக்குப் போய்ச் சேருவதில்லை. ஒரு பகுதி மழைநீருடன் மண்ணின் அடியில் இறங்கிவிடுகிறது. ஒரு பகுதி வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. சரிவான நிலங்களில் மேல்மண்ணோடு சேர்த்து அடித்துச் செல்லப்படுகிறது. பயிர் நிற்கும் காலத்தில் உரத்தைப் பல தவணைகளாகப் பிரித்திட்டு இவ்விழப்பைக் குறைக்கலாம். நிலம் வெறுமையாகக் கிடக்கும் காலத்தில் இதைத் தடுக்கச் சிறந்த சாதனம் மூடுபயிரேயாகும்.

இழப்பு நேரும் விதம்

யூரியாவாயினும் தொழுவுரமாயினும், அதிலுள்ள நைட்ரஜன் முதலில் அம்மோனியமாகவும், பின்னர் மண்ணிலுள்ள பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. அம்மோனியம் நேர் மின்னூட்டம் உடையது; எதிர் மின்னூட்டமுள்ள களிமண் துகள்கள் அதைப் பற்றிக் கொள்கின்றன. நைட்ரேட்டோ எதிர் மின்னூட்டம் உடையதாதலின், மண்ணில் நிலைக்காமல் நீர் செல்லுமிடமெல்லாம் செல்கிறது. வயலில் நீர் தேங்கிக் காற்று புகாத நிலை ஏற்படும்போது, வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றுகின்றன.

இது உரச் செலவு மட்டுமன்று, குடிநீரையும் பாதிக்கும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது இந்தியத் தர அளவு. வயலில் இழந்த சத்து கிணற்றில் தீங்காக மாறக்கூடும்.

பாலக்காட்டு வயல்கள்

தமிழ்நாட்டை ஒட்டிய கேரளத்தின் கிழக்கு எல்லையில் பாலக்காடு, இடுக்கி ஜில்லாக்கள் உள்ளன. முன்னது நெல்லுக்கும், பின்னது மலைத்தோட்டப் பயிர்களுக்கும் பெயர் பெற்றவை.

பாலக்காட்டில் முண்டகன் அறுவடைக்குப் பின் பல வயல்கள் கோடையில் தரிசாகக் கிடக்கின்றன. கோடை மழையில் மண் நனைந்ததும் அதிலுள்ள கரிமப் பொருள் சிதைந்து நைட்ரேட் சேர்கிறது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை வயலை நிரப்பும்போது, அது நெற்பயிருக்குப் பயன்படுமுன் வீணாகிறது. இடைக்காலத்தில் தட்டைப்பயறு, சணப்பை, தக்கைப்பூண்டு ஆகியவற்றுள் ஒன்று நின்றால், அதன் வேர்கள் நைட்ரேட்டை உறிஞ்சித் தழையில் சேமித்து வைக்கும். அவரையினமாதலால், வேர்முடிச்சுகளிலுள்ள பாக்டீரியாக்களின் உதவியுடன் காற்றிலுள்ள நைட்ரஜனையும் இவை சேர்த்தளிக்கின்றன.

விரிப்புப் பருவத்தில் புழுதியில் நெல் விதைக்கும் வயல்களுக்கு எளியதொரு முறை உண்டு. 1927-ல் நிறுவப்பட்ட பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்தில் இது ஆராயப்பட்டுள்ளது. நெல்லுடன் தட்டைப்பயற்றையும் சேர்த்து விதைக்கிறார்கள். பருவமழை வரும்வரை பயறு தரையை மூடிக் களைகளை அடக்குகிறது. வயலில் நீர் நின்றதும் பயறு தானே அழுகி, அதன் சத்து நெல்லுக்குக் கிடைக்கிறது. மடக்கி உழ வேண்டிய வேலையும் மிச்சம்.

இடுக்கிச் சரிவுகள்

தொடுபுழைப் பகுதியின் ரப்பர் தோட்டங்களில் பிரச்சினை வேறு வகையானது. கன்றுகள் வளர்ந்து நிழல் பரப்பும் வரை சில ஆண்டுகள் வரிசைகளுக்கு இடையே தரை திறந்து கிடக்கிறது. கனமழை சத்து மிகுந்த மேல்மண்ணையே அரித்துச் செல்கிறது. இங்கு ப்யூரேரியா, மியூக்கூனா போன்ற அவரையினக் கொடிகள் வளர்க்கப்படுகின்றன. இலைப்பரப்பு மழைத்துளியின் வேகத்தைத் தாங்குகிறது; கொடி ஓடும் நீரைத் தடுக்கிறது; உதிரும் சருகு மண்ணில் சத்தைச் சேர்க்கிறது. வடகிழக்கு இந்தியாவிலிருந்து வந்த மியூக்கூனா பிராக்டியேட்டா வறட்சியையும் நிழலையும் தாங்குவது. கால்நடைகள் அதனை விரும்பி மேய்வதுமில்லை. ஆயினும் கொடி கன்றின்மீது ஏறிவிடும். ஆகவே ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் தரையைச் சுத்தமாக வைத்தல் அவசியம்.

கவனிக்க வேண்டியவை

மூடுபயிருக்கும் நீர் தேவை. பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று வீசும் மாதங்களில் ஈரமில்லாத நிலத்தில் விதைப்பதால் விதையே நஷ்டமாகும். முதற் கோடை மழையைப் பயன்படுத்திக் கொள்வதே உசிதம். தழை இளசாக, பூக்கும் தருவாயில் இருக்கும்போதே மண்ணில் சேர்க்க வேண்டும். தண்டு முற்றிவிட்டால் மட்குவது தாமதமாகும். அதுவரை மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்களே எடுத்துக்கொள்ளும். மடக்கி உழுத பின் நடவை நீண்ட நாள் தள்ளிப்போடுவதும் கூடாது. சேமித்த சத்து மறுபடியும் நைட்ரேட்டாகி வெளியேறிவிடும். பசுந்தழை அளித்த சத்தைக் கணக்கிட்டு யூரியாவின் அளவைக் குறைக்காவிடில், சிக்கனம் ஏற்படாது, இழப்பே மிகும்.

சத்தை வாங்கி இடுவது உழவனுக்கு எளிது. இட்ட சத்தை நிலத்திலேயே நிறுத்துவதுதான் கடினம். நிலத்தை வெறுமையாக விடாதிருப்பதே அதற்கு வழி.