வசிட்டநதிக் கரையும் உயிரின் இயல்பூக்கங்களும்

உண்டல், உறங்கல், அஞ்சல், இணைவிழைதல் என்னும் நான்கும் மக்கட்கும் விலங்கிற்கும் பொதுவாயுள்ளன. கற்பிப்பார் இன்றியே தோன்றுதலின் உளநூலார் இவற்றை இயல்பூக்கம் என வழங்குவர். இவை பற்றிச் சைவ நன்மக்களிடையே இருவேறு கருத்துக்கள் உலவக் காண்கின்றோம். இவையே மலம், ஆதலின் வேரொடு களையற்பாலன என்பர் ஒரு சாரார். இவை இயற்கை தந்தவை, நகர வாழ்வை விடுத்துக் காட்டையும் ஆற்றையும் அடுத்து இவற்றைத் தம்போக்கில் விட்டால் உடலும் உளமும் நலம்பெறும் என்பர் மற்றொரு சாரார். இரண்டனுள் ஒன்றும் சித்தாந்தத்தோடு முழுதும் பொருந்தாது. எனினும் ஒவ்வொன்றினும் சிறிது உண்மை உண்டு. இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்தது நூல்வழி அன்று, ஓர் அன்பரது வினாவின் வழி என்பதனை முதற்கண் சொல்லிவிடுகின்றோம்.

அவ்வன்பர் சேலத்தில் கணக்கெழுதும் பணியினர். ஈராண்டாக உறக்கம் கெட்டது, பசி அற்றது, இரவில் தொலைபேசி மணி ஒலித்தால் நெஞ்சு படபடக்கும், இன்னதற்கு அஞ்சினேன் என்று சொல்லவும் இயலாது. மருத்துவர் அறிவுரைப்படி அவர் ஏழு நாள் தம் உறவினரது பாக்குத் தோட்டத்திற் சென்று தங்கினார். சேலத்தினின்று ஆத்தூர் நோக்கிச் செல்லும் பெருவழியில் ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் உள்ளது வாழப்பாடி. அதனின்று வடக்கே சிறிது தொலைவு சென்றால் வசிட்டநதிக் கரையிலுள்ள பேளூர். அப்பால் அருநூற்றுமலையும் கல்வராயன் மலைத்தொடரும் வானை முட்டி நிற்கும். தோட்டம் அவ்வூரை அடுத்திருந்தது. முதல் இரண்டு இரவும் வேறுபாடு ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் அந்தி மயங்கிய சிறிது பொழுதில் கண் அயர்ந்தவர், கோயில் மணி ஒலிக்குமுன் பறவையொலி கேட்டு விழித்தார். பசியும் வந்தது. ஊர் மீண்ட பின் இருபது நாளில் எல்லாம் பழையபடியாயிற்று. அவர் எம்மிடம் வந்து, “ஐயா, தோட்டம் ஏழு நாளில் தந்ததை வீடு இருபது நாளில் பறித்துக்கொண்டது. அது மருந்தாயின் ஏன் நிலைக்கவில்லை? மருந்தன்றாயின் ஏன் வேலை செய்தது?” என்றார். விடை கூறாது சில திங்கள் கடத்தினோம் என்பதை ஒளிப்பதற்கில்லை.

வேலை செய்தது என்பதில் ஐயமில்லை. அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பையில் அறுவை செய்துகொண்டோருள், எல்லாவகையானும் ஒத்த 23 இணையரை உல்ரிச் என்னும் அறிஞர் ஒப்புநோக்கினார். ஓரினத்தார் கிடந்த அறையின் பலகணி மரங்களை நோக்கியது; மற்றோரினத்தாரது பலகணி செங்கற் சுவரை நோக்கியது. மரங்கண்டார் ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீடு சென்றனர். வலியடக்கும் கடுமருந்தும் குறைவாகவே வேண்டினர். 1984-ல் இம்முடிவு வெளியாயிற்று. ஜப்பான் நாட்டு வனத்துறையார் 1982-லேயே காட்டில் மெல்ல உலாவுதலைக் காட்டுநீராடல் எனப் பெயரிட்டு மக்களிடை பரப்பினர். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரை உசாவி 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, வாரத்தில் 120 நிமிடமேனும் சோலையிலும் வெளியிலும் கழிப்போர் தம் நலத்தை மிகுத்துக் கூறினர் என்கின்றது. நலமுடையார் வெளியே செல்கின்றனரா, வெளியே செல்வார் நலம்பெறுகின்றனரா என்பதை அவ்வாராய்ச்சி அறுதியிட்டிலது. ஆதலின் அதனை அளவோடே கொள்ளல் வேண்டும். எம் அன்பரது உறக்கத்திற்கு மிக அணுகியது கொலராடோவில் நிகழ்ந்து 2013-ல் வெளியான ஆராய்ச்சி. எண்மர் ஒரு வாரம் மின்விளக்கின்றிக் கூடாரத்தில் தங்க, அவர்தம் உடலின் இரவுக்காலம் ஏறக்குறைய இரண்டு மணி முன்னே வந்து கதிரவன் படுதலோடு இயைந்தது.

இனி இதனைச் சித்தாந்தம் எவ்வாறு விளக்கும் எனக் காண்போம். சாக்கிரத்தில் ஆன்மா புருவமத்தியில் நின்று தொழிற்படும். சொப்பனத்தில் கண்டத்தில் நிற்கும். அங்கே உடன்வரும் கருவிகள் 25. அவற்றுள் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் அடங்கும். சுழுத்தியில் இதயத்தில் நிற்குங்கால் உடன்வருவன பிராணன், சித்தம், புருடன் என்னும் மூன்றே. ஆகவே ஆழ்ந்த உறக்கத்திற்கு அகங்காரம் பின்தங்கல் இன்றியமையாதது. ‘நான், என் கணக்கு, என் நாளை’ என்று எழுந்து நிற்கும் அக்கருவி கண்டத்தைவிட்டு இறங்க ஒட்டாமையே எம் அன்பரது நோய். பாக்குமரத்து நிழலும் ஆற்றுமணலும் அந்தியிருளும் அவர் பொறிகட்கு விடயமாயின. ஆனால் அவரை வலிந்து இழுத்தில. இலையசைவு ஒருவனை நோக்கி ஒன்றும் கேட்பதில்லை. கேட்பார் இல்லாதவிடத்து அகங்காரம் மெல்லத் தளர்ந்தது. உயிர் இதயத்திற்கு இறங்கிற்று. தோட்டம் செய்த உதவி இவ்வளவே. இது சிறிதன்று, ஆயினும் இவ்வுறக்கத்தைப் பேறு என்று மயங்கற்க. சுழுத்தி கேவலத்தை ஒத்த இருள்நிலை. இளைப்பாறுதல் வேறு, தெளிதல் வேறு.

இயல்பூக்கங்கள் மலமாகா என்பதும் இதனாற் பெறப்படும். தநு கரண புவன போகங்கள் மாயையினின்று உயிரின்பொருட்டு இறைவனாற் கூட்டப்படுவன. உடலைக் காத்தற்குப் பசியும், இடரினின்று நீங்குதற்கு அச்சமும், ஓய்தற்கு உறக்கமும், உடல்மரபு அறாமைக்கு இணைவிழைச்சும் அவ்வுடலோடு வந்த ஏவலர். ஏவலர் இடும்பர் ஆவது ஆணவம் அவரைத் தன்வயப்படுத்தும்போது. ஓநாய்க்குத் தப்பிய மான் சிறிது நேரத்தில் மீண்டும் மேயும். எம் அன்பரோ வாராத ஓநாய்க்கு இரவெல்லாம் அஞ்சினார். இடர் எதிர்ப்பட்டபோது உடல் போரிடவோ ஓடவோ அணியமாவதைக் கானன் என்பார் 1915-ல் நூலாக எழுதி விளக்கினார். அவ்வணியம் கணப்பொழுதிற்கு உரியது. அதனை ஆண்டுக்கணக்கில் நீட்டுவது யாது? எதிர்காலத்தை எண்ணும் கரணமும், அக்கரணத்தை ‘எனது’ எனப் பற்றும் ஆணவமுமேயாம். இதனால் மான் நம்மினும் உயர்ந்தது எனக் கூறினோமல்லேம். மானுக்கும் ஆணவம் உண்டு. அது விளையாடற்குரிய கரணவிரிவு ஆண்டு இல்லை. அக்கரணவிரிவாலேயே நமக்கு ஞானமும் கூடும். ஆகலின் விலங்குநிலைக்கு மீளுவோம் என்பார், கிடைத்தற்கரிய பிறவியைத் திருப்பிக் கொடுப்போம் என்பாரோடு ஒப்பர்.

அன்பரது வினாவின் முற்பகுதிக்கு விடை இங்கே உளது. புவனம் மாயையின் காரியம், மாயை சடம். சடம் கருவியாக உதவுமன்றித் தானே அறிந்து ஒருவனைத் திருத்தாது. உமாபதிசிவம் திருவருட்பயனில் மாயையை விடியலளவும் உதவும் விளக்காக வைத்தார். விளக்கை எடுத்துச்செல்வார் எடுத்துச்சென்ற பின் அறை இருண்டது என்று விளக்கைக் குறைகூறுதல் முறையன்று. தோட்டம் அகங்காரத்தை ஏழுநாள் தளர்த்திற்று. அதற்கு வேறோர் இடம் காட்டவில்லை. இடம் பெறாத அகங்காரம் வீடு மீண்டதும் பழைய இருக்கையிலேயே அமர்ந்தது.

இடம் பெறுதல் எங்ஙனம் என்பதற்கு நம் மரபில் கண்ணப்பரினும் தெளிவான சான்று இல்லை. சிவஞானபோத எட்டாஞ் சூத்திரம் ஐம்புலன்களை வேடராக உருவகிக்கின்றது. அரசகுமாரன் வேடரிடை வளர்ந்து தன்னை மறந்தாற்போல உயிர் புலன்களிடை அயர்ந்தது என்பது கருத்து. இதனைக் கொண்டு வேட்டுவ வாழ்வும் காடும் இழிந்தன என்பாரை யாம் மடங்களின் அவைகளிலும் கேட்டதுண்டு. ஆயின் பெரியபுராணத்தில் திண்ணனார் வேடர், காட்டில் பிறந்தார், பன்றி வேட்டையாடிய கையோடு காளத்திமலை ஏறினார். அவரிடம் இயல்பூக்கம் ஒன்றேனும் அழிந்ததா என்று நோக்குக. ஊனைச் சுவைக்கும் நா சுவைத்தது. சுவைத்தது இனியதா என ஆய்தற்பொருட்டே, விழுங்குதற்கன்று. தாம் உண்ணாதே நின்றார். உறங்கவேண்டிய கண் இரவெல்லாம் விழித்தது. வில்லேந்திக் காவல் நின்றார். அச்சமும் நீங்கவில்லை, கொடுவிலங்குகள் இறைவனுக்கு ஊறு செய்யுமோ என்று அஞ்சினார். இவ்வச்சத்தை ஊன்றி நோக்கல் வேண்டும். எல்லாம் வல்லானுக்கு விலங்கால் என்ன கேடு என்று நூலறிவு நகும். ஆனால் வேட்டுவனுக்கு இயல்பாகிய அதே அச்சம், அதே விழிப்பு, அதே நாச்சுவை, தன்னைவிட்டுப் பிறிதொன்றைச் சுற்றலாயின. மையம் மாறிற்று, ஏவலர் மாறவில்லை. ஆறு நாளில் அவர் பெற்றது சிவகோசரியாரும் வியந்த பேறு. காளத்தி காட்டிடையுள்ள மலை என்பதும் தற்செயலன்று போலும்; எனினும் அதே காட்டில் நாணனும் காடனும் அவரோடு இருந்தனர். காடு மூவர்க்கும் பொதுவாயிருந்தது.

காளத்தி வாயுத்தலம் என்பது யாவரும் அறிந்தது. வசிட்டநதிக் கரையிலும் ஐம்பூதத் தலங்கள் ஐந்து உளவாகத் தலவழக்குக் கூறும். பேளூர்த் தான்தோன்றீசர் நிலம். ஏத்தாப்பூர்ச் சாம்பமூர்த்தீசர் நீர். ஆத்தூர்க் காயநிர்மலேசர் தீ. ஆறகளூர்க் காமநாதீசர் வளி. கூகையூர்ச் சொர்ணபுரீசர் வெளி. முன் நான்கும் சேலம் மாவட்டத்தின. கூகையூர் 2019-ல் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தது. இவ்வரிசை ஆற்றின் ஒழுக்கோடு மேலிருந்து கீழாகச் செல்லுதல் காண்க. பூதசுத்தியில் நிலம் நீரிலும், நீர் தீயிலும், தீ வளியிலும், வளி வெளியிலும் ஒடுங்கப் பாவிக்கும் முறையும் இதுவே. இதனை அமைத்தோர் எண்ணியே அமைத்தனரோ, பிற்காலத்தார் இயைத்துக் கண்டனரோ, இயைபு அழகிதேயாம். ஆற்றோடு கீழ்நோக்கி நடந்து ஐந்து சன்னிதியும் வணங்குவான் ஒருவன், இருக்கையில் அமர்ந்து கண்மூடிச் செய்யும் பாவனையைக் காலாற் செய்கின்றான். அவன் பெறும் வெயிலும் காற்றும் மருத்துவர் கூறும் அதே வெயிலும் காற்றுமே. ஆனால் அவன் நடை ஒருவனைக் குறித்த நடை. இறைவனை அட்டமூர்த்தமாக வைத்து, ஐம்பூதத்தோடு ஞாயிறு, திங்கள், ஆன்மா எனப் போற்றும் நம் முன்னோர், புவனத்தைப் பகையென்று கருதியவரல்லர். பொழிலும் புனலும் வருணியாத பதிகத்தை ஞானசம்பந்தரிடம் தேடிக் காண்டல் அரிது.

நடத்தற்கு இயலாதார் என்செய்வர் எனின், சரியை இருக்கின்றது. சரியையைப் படிமுறையுள் கீழ்ப்படி என்று விரைந்து கடப்பார் பலர். எம் கருத்தில் இது இக்காலத்துப் பெருங்குறை. வண்டு தீண்டுமுன் நந்தவனத்திற் புகுந்து மலர் கொய்வான், இருள் பிரியுங்காலத்தே எழ வேண்டும்; எழுவதற்கு முன்னிரவில் உறங்க வேண்டும். திருமுற்றம் அலகிடுவான், தீர்த்தம் சுமப்பான், பசித்தே உண்பான். வாகீசர் உழவாரப்படை தாங்கிப் புல்லும் முள்ளும் செதுக்கியது முதுமையினும் நின்றிலது. மேலைநாட்டார் வாரம் 120 நிமிடம் எனக் கணக்கிட்டதைச் சரியைநெறி நாள்தோறும், அளவுகூறாமலே தந்தது. அதனோடு அகங்காரத்திற்கு ‘அடியேன்’ என்னும் வேறோர் இருக்கையையும் தந்தது. மருந்து தோட்டம், அனுபானம் தொண்டு. அனுபானமின்றி உண்ட மருந்து இருபது நாளிற் கழிந்ததில் வியப்பில்லை.

இங்கு மடத்துத் தலைவர்கட்கும் கோயில் அறங்காவலர்கட்கும் ஒரு விண்ணப்பம். நந்தவனத்தை மூடிக் கற்பாவிக் கடைகள் அமைத்தல் பலவிடத்தும் நிகழ்கின்றது. வண்டியில் வரும் மாலையை வாங்கிச் சாத்துதல் எளிதாயிற்று. அதனால் இறைவனுக்குக் குறைவில்லை. கொய்யும் கையை இழந்தவன் அடியவனே. ஆறும் அங்ஙனமே. வசிட்டநதி கல்வராயன் மலைப்பாங்கில் தோன்றி, ஆணைமடுவில் தேங்கி, பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர் வழியே ஓடிச் சுவேதநதியோடு கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையருகே கடல் புகுவது. மழை முடிந்த சில திங்கள் தவிர யாம் கண்டபோதெல்லாம் பேளூரிற் கோயிலை அடுத்த ஆற்றில் மணலும் முள்ளும் ஊர்க் கழிவும் கிடந்தன. நீர்த்தலத்தையும் நிலத்தலத்தையும் இணைக்கும் ஆறு இங்ஙனம் கிடக்க, உள்ளே பூதசுத்தி பாவனையை வழுவின்றிச் செய்கின்றோம் என்னும் எண்ணம் எம்மைக் கூசச் செய்தது.

அன்பர்க்கு இவற்றையெல்லாம் இவ்வளவு விரித்துச் சொல்லவில்லை. சேலத்தில் அவர் வீட்டிற்கு அணித்தாய கோயிலொன்றில் அரைக்காணி நந்தவனம் எஞ்சியிருந்தது. அங்கே நாள்தோறும் விடியலில் ஒரு நாழிகை பூக்கொய்து கொடுக்குமாறு மட்டும் வேண்டினோம். “நந்தியாவட்டையும் அரளியும் தவிர அங்கே ஒன்றும் இல்லையே, ஐயா” என்றார். அவை போதும் என்றோம். மருத்துவர் தந்த மருந்தையும் நிறுத்தவேண்டா என்றோம். சென்ற திங்கள் கண்டபோது உறக்கத்தைப் பற்றி யாம் வினவவில்லை, அவரும் கூறவில்லை. செம்பருத்திப் பதியம் இரண்டு பேளூர்த் தோட்டத்தினின்று கொணர்ந்து நட்டதாகவும், ஒன்று தளிர்த்ததாகவும், மற்றொன்றை ஆடு மேய்ந்துவிட்டதாகவும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.