தானாபதிப் பிள்ளைதான் கெடுத்தாரா?

நம்பிக்கை: கட்டபொம்மன் நல்லவர். பக்கத்தில் இருந்த தானாபதிப் பிள்ளைதான் ஸ்ரீவைகுண்டத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நெற்களஞ்சியத்தில் கைவைத்து, பாஞ்சாலங்குறிச்சியையே அழியவிட்டார்.

ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் இந்தக் கதை காதில் விழாமல் வளர்ந்தவர்கள் குறைவு. முதலில் ஒரு சிறு திருத்தம்: தானாபதி என்பது பெயரல்ல, பாளையத்தின் அமைச்சர் பதவி. அந்த மனிதரின் பெயர் சுப்பிரமணிய பிள்ளை.

நெல்லை அவர் எடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் தகராறு நெல்லில் தொடங்கவில்லை, கிஸ்தியில் தொடங்கியது. 1792இல் ஆற்காட்டு நவாபுடன் செய்த உடன்படிக்கையால், பாளையக்காரர்களிடம் வரி வசூலிக்கும் உரிமை கம்பெனியின் கைக்கு வந்தது. 1798இல் கலெக்டர் ஜாக்சன் பாக்கி கேட்டுக் கட்டபொம்மனை வரச்சொன்னார். வந்தவரை ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் ராமநாதபுரத்தில்தான் முகம் கொடுத்தார். அப்போது மிச்சமிருந்த பாக்கி 1080 வராகன். பேச்சு முற்றிக் கைகலப்பானது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மன் தப்பிவிட்டார், பிள்ளை பிடிபட்டார்.

பிறகு நடந்ததை யாரும் கதையில் சேர்ப்பதில்லை. சென்னையில் கம்பெனி அரசே அமைத்த விசாரணைக் குழு, கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்றது. பிள்ளை விடுதலையானார். பதவியை இழந்தவர் ஜாக்சன்!

அப்படியானால் படை ஏன் வந்தது? 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மைசூர்ப் போரில் முடங்கிக் கிடந்த கம்பெனிப் படைக்குத் தெற்கே திரும்ப வழி பிறந்தது. சிவகங்கை மருது சகோதரர்களோடு கட்டபொம்மன் கைகோத்ததும் கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்கினார். அதே மாதம் நாகலாபுரத்தில் பிள்ளையைத் தூக்கிலிட்டு, அவர் தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டியில் செருகி வைத்தார்கள். கட்டபொம்மனுக்கு அடுத்த மாதம் கயத்தாற்றில் தூக்கு.

அதே 1799இல் சீனாவிலும் ஓர் அரண்மனைச் செல்லப்பிள்ளையின் கதை முடிந்தது. பிப்ரவரி 7 அன்று முதிய சியென்லுங் பேரரசர் இறந்தார். அவருடைய நிழலில் கொழுத்த ஹெஷென் மீது மகன் ஜியாசிங் இருபது குற்றங்களைச் சுமத்தினார். பதினைந்தே நாளில் பட்டுக் கயிறு அனுப்பி உயிரை மாய்த்துக்கொள்ளச் செய்தார். ஹெஷென் லஞ்சத்தில் ஊறியவர் என்பதில் சந்தேகமில்லை. பிள்ளையை அவரோடு ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனால் நாட்டின் கேடெல்லாம் அந்த ஒருவரால்தான் என்று சொன்னார்களே, அது சரியா? 1796இல் வெடித்த வெண்தாமரைக் கலகம் அவர் செத்த பிறகும் 1804 வரை ஓயவில்லை.

இங்கேயும் அதே கதைதான். 1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துப்போட்ட கோட்டையைச் சில நாட்களிலேயே மக்கள் மண் குழைத்து எழுப்பிவிட்டார்கள். மார்ச் கடைசியில் மேஜர் மெக்காலே அதைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். பீரங்கிகளும் புதுப் படைகளும் வந்து சேர்ந்த பிறகு, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. கெடுத்தவர் என்று கைகாட்டப்படும் சுப்பிரமணிய பிள்ளை இறந்து அப்போது ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.